வீட்டுக் கணக்குக்கு ஆப் எதற்கு? – விவாத இழை

8 ஜூன் 2025 – கேள்வி (மதுரையிலிருந்து ஒரு அப்பா)

"மகள் நான்காம் வகுப்பு. கணக்கு ஆப் என்று தேடினால் வருவதெல்லாம் வாய்ப்பாட்டுப் போட்டிதான். பலூன் வெடிக்கிறது, நட்சத்திரம் கொட்டுகிறது. நீங்கள் குடும்பக் கணக்குக்கு ஒரு ஆப் செய்வதாக எழுதியிருந்தீர்கள். எங்களைக் கடைக்கு அனுப்பினார்கள், கணக்கு தானாக வந்தது. இதற்கு எதற்கு ஒரு ஆப்? பிள்ளை கையில் இன்னொரு முறை போனைக் கொடுப்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?"

8 ஜூன், இரவு

கடைக்கு அனுப்பினால் கணக்கு வரும் என்பது பாதி உண்மை. அந்தக் கடை இப்போது இல்லை என்பது மீதிப் பாதி.

நாம் போன கடையில் அண்ணாச்சி தாளில் எழுதிக் கூட்டுவார், நாம் எதிரே நின்று அதைத் தலைகீழாகப் படிப்போம். ஐம்பது ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று வரும் வழியெல்லாம் எண்ணுவோம். இன்று மின்தராசு விலையையும் சேர்த்தே காட்டுகிறது. அப்பா போனை நீட்டினால் கியூஆர் கோடு, தொகை, ஒரு டிங். யூபிஐ 2016-இல் வந்தது. இப்போது நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குச் சில்லறை எண்ணாத கடைதான் சாதாரணக் கடை. அவளைக் கடைக்கு அனுப்பினால் பால் பாக்கெட் வரும். கணக்கு வருமா என்பது சந்தேகம்தான்.

9 ஜூன்

"கடையில் வந்தால் பள்ளியிலும் வரும்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரெசின்யா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு. தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகள், 9 முதல் 15 வயது. தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் ஒன்று 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்), பத்து எவ்வளவு என்று கேட்கிறார்கள். பள்ளியில் படித்தவன் ஒரு பூஜ்யம் சேர்ப்பான். இவன் மூன்றுக்கு 105 என்று தொடங்கி, இன்னும் மூன்று சேர்த்து 210, அப்புறம் 315, கடைசியில் ஒன்று சேர்த்து 350 என்று வந்து நிற்கிறான். சரியான விடை. கடையில் நின்று கேட்டபோது அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை உட்கார வைத்து வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37.

நம் நாட்டிலும் பார்த்துவிட்டார்கள். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. வியாபாரக் கணக்கை மனதில் போட்டு முடிக்கிற பிள்ளை பள்ளித்தாள் கணக்கில் திணறுகிறது. பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளை சந்தைக் கணக்கில் திணறுகிறது. இரண்டு பக்கமும் அறிவு இருக்கிறது, நடுவில் வழி இல்லை.

அந்த வழியைப் போடுவதுதான் ஆப்பின் வேலை என்று நான் நினைக்கிறேன். வீட்டில் ஒருவர் வாயால் போடுகிற கணக்கும், பிள்ளை நோட்டில் போடுகிற கணக்கும் ஒரே பக்கத்தில் அருகருகே வர வேண்டும்.

14 ஜூன்

அருகருகே என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு ஒரு உதாரணம். எங்கள் சோதனை ஆப்பை வைத்திருக்கும் ஒரு வீட்டில் நடந்தது.

பீன்ஸ் கிலோ 80 ரூபாய். அம்மா 350 கிராம் எடுத்திருக்கிறார். மகன் ஐந்தாம் வகுப்பு. அவன் நோட்டில் 350-ஐ 80-ஆல் பெருக்கி 28,000 என்று எழுதி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும் என்பதில் நின்றுவிட்டான். பூஜ்யத்தை அடிக்கிறான், எத்தனை பூஜ்யம் அடிப்பது என்று தெரியவில்லை. அம்மா அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "கால் கிலோ இருபது, நூறு கிராம் எட்டு, இருபத்தெட்டு."

அவன் ஆப்பில் மைக்கை அழுத்தி, "அம்மா, திரும்பச் சொல்லு" என்றான். அவர் கூச்சத்துடன் திரும்பச் சொன்னார். திரையில் மேலே அம்மாவின் குரல், கீழே அவன் நோட்டின் புகைப்படம். அதன் அடியில் ஆப் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "அம்மா 350-ஐ எப்படிப் பிரித்தார்?" அவன் 250 + 100 என்று எழுதினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ 300-ம் 50-ம் ஆகவும் பிரிக்கலாமா?" என்று கேட்டான். 24-ம் 4-ம். அதுவும் 28.

இப்படிப் பிரித்துப் பெருக்குவதுதான் பங்கீட்டு விதி என்று அவன் புத்தகத்தில் பின்னால் ஒரு பாடம் வரும். அது தன் அம்மாவுக்குத் தெரிந்த விஷயம் என்று தெரிந்து அந்தப் பாடத்துக்குப் போகிற பிள்ளை வேறு மாதிரி உட்காரும்.

15 ஜூன்

"குரலை எழுத்தாக மாற்றி ஆப்பே திருத்தலாமே, இப்போது அதற்கெல்லாம் ஏஐ இருக்கிறதே" என்று கேட்டவருக்கு: வேண்டாம் என்றுதான் முடிவு செய்தோம். ஒன்றேகால், ரெண்டேமுக்கால், அரைக்கால், "ஒண்ணரைக்குக் கொஞ்சம் கொறச்சு" என்றெல்லாம் பேச்சில் வரும். மாற்றித் தரும் எழுத்து தப்பாக வந்தால் அம்மா அடுத்த முறை பேச மாட்டார். தன் பேச்சு தப்பு என்று ஒரு திரை சொல்வதை அவர் ஏன் கேட்க வேண்டும்? குரல் குரலாகவே இருக்கட்டும். கேட்டுப் புரிந்துகொள்வது பிள்ளையின் வேலை. அந்த வேலையில்தான் கணக்கு இருக்கிறது.

22 ஜூன்

பெற்றோருக்கே கணக்கென்றால் பயமாக இருக்கும் வீடுகளைப் பற்றி ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சயன் பெய்லாக், சூசன் லெவின் குழு இதையே எடுத்தது. 2015-இல் சயின்ஸ் இதழில் வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் 587 பேர். ஒரு பகுதிக் குடும்பங்களுக்குத் தூங்கும் முன் படிக்கிற சின்னக் கதையும் அதை ஒட்டிக் கணக்குக் கேள்விகளும் உள்ள ஆப். மற்றவர்களுக்குக் கணக்கு இல்லாத வாசிப்பு ஆப். கணக்கு ஆப்பை அடிக்கடி பயன்படுத்திய வீட்டுப் பிள்ளைகள் ஆண்டு முடிவில் முன்னே போயிருந்தார்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் வித்தியாசம் அதிகம் தெரிந்தது.

அதே குழுவினர் அதே ஆண்டில் இன்னொன்றும் காட்டினார்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால் பிள்ளை கற்பது குறைகிறது, பயமும் தொற்றுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வடிவமைப்பாளருக்கு ஒரு கட்டளையே கிடைக்கிறது: ஆப் வீட்டுப்பாடம் போல இருக்கக் கூடாது. வீட்டுப்பாடம் என்றதும் அம்மா வாத்தியாராகிவிடுகிறார், தெரியாத வாத்தியாராக. பேச்சுக்கு ஒரு தொடக்கம் மட்டும் கொடுத்தால் அவர் அம்மாவாகவே இருக்கலாம்.

23 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சிகாகோ ஆய்வுக்கு 2016-இல் சயின்ஸிலேயே மைக்கேல் ஃபிராங்க் என்ற ஆய்வாளர் ஒரு விமர்சனம் எழுதினார். குலுக்கல் முறையில் பிரித்த இரு குழுக்களையும் நேரடியாக ஒப்பிட்டால் முடிவு அத்தனை வலுவாக இல்லை. அடிக்கடி பயன்படுத்தினார்களா என்பது குடும்பம் தானே எடுத்த முடிவு. பிள்ளையோடு தினமும் உட்காரும் வீடு ஆப் இல்லாமலும் உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே "எங்கள் ஆப் மதிப்பெண்ணைக் கூட்டும்" என்று நாங்கள் எங்கும் எழுதப் போவதில்லை. வீட்டில் கணக்குப் பேச்சு நடந்ததா, யார் பேசினார்கள், பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்டதா? இதை மட்டும் பார்க்கிறோம். பேச்சைக் கொண்டுவர முடிந்தால் அதற்கு மேல் என்ன நடக்கிறது என்பதைப் பள்ளியோடு சேர்ந்து பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும்.

6 ஜூலை

போனைப் பற்றி. வடிவமைப்பு என்று பேசுகிறவர்கள் கையில் எப்போதும் ஆளுக்கொரு போன் இருக்கிறது. நாங்கள் போகும் வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல் வரும். சார்ஜ் பாதிக்குக் கீழே. ஸ்பேஸ் இல்லை என்று ஏற்கெனவே எச்சரிக்கை காட்டும், ஏனென்றால் வாட்ஸ்ஆப் குட்மார்னிங் படங்கள்.

அதனால் ஆப் சின்னதாக இருக்க வேண்டும், நெட் இல்லாமல் ஓட வேண்டும். காலையில் ஒரு கேள்வியை அம்மாவுக்கோ பாட்டிக்கோ சொல்லிவிட்டு, பகல் முழுக்கப் போன் இல்லாமலே அது வீட்டுக்குள் சுற்றட்டும். இரவில் விடையை வந்து வைத்தால் போதும். ஒரு வீட்டில் முதல் கேள்விக்கு அப்பாவே சொன்ன யோசனை: "வண்டியில் பெட்ரோல் போடும்போது எத்தனை லிட்டர் வரும்னு பிள்ளை காலையிலேயே சொல்லிடணும். நான் பில்லைக் கொண்டுவரேன்." நாங்கள் யோசித்ததைவிட நல்ல கேள்வி. அன்று இரவு அந்த வீட்டில் பில்லுக்காகப் பிள்ளை வாசலிலேயே நின்றது.

நேரம் ஓடும் கடிகாரம் கிடையாது. சிவப்புப் பெருக்கல் குறி கிடையாது. அண்ணனுக்கு எத்தனை, தங்கைக்கு எத்தனை என்ற பட்டியலும் கிடையாது. ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பட்டியல் என்ன செய்யும் என்பதைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

19 ஜூலை

கரண்ட் பில். இதை நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 படி காணாமல் போகிறது. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50. அடுத்த நூறு 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8.

500 யூனிட்டுக்குப் போடுங்கள்: 225 + 900 + 600. மொத்தம் 1,725 ரூபாய்.
501 யூனிட்டுக்கு: 1,350 + 600 + 8. மொத்தம் 1,958 ரூபாய்.

ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

இதை ஒரு வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து போட்டார்கள். கணக்கென்றால் எழுந்து போய்விடும் அப்பா, வெள்ளை அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெண் எட்டாம் வகுப்பு. "எந்த யூனிட்டுப்பா அந்த 233?" என்று கேட்டாள். அது எந்த ஒரு யூனிட்டும் இல்லை, 501-ஆவது வந்ததும் பழைய நூறு யூனிட்டின் விலை ஏறிவிடுகிறது, அதில் 225, இதில் 8 என்பதை அவளே பிரித்துக் காட்ட அரை மணி நேரம் ஆனது. அப்பா அந்த அரை மணி நேரமும் எழவில்லை. அப்புறம் இருவரும் மீட்டரைப் பார்க்கப் போனார்கள். கடைசி ரீடிங்கிலிருந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, 270 ஓடியிருந்தது. இப்படியே போனால் 540. எதைக் குறைப்பது என்று பேச்சு திரும்பியது. ஏசி, கிரைண்டர், மாடி மோட்டார்.

அதில் விகிதம் இருக்கிறது, படிநிலை இருக்கிறது, முன்கணிப்பு இருக்கிறது. பள்ளியில் இவை மூன்று தனித்தனிப் பாடங்கள். ஆப் செய்தது இரண்டே காரியம்: இரண்டு மாதக் கணக்கின் நடுவில் "மீட்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டது, 500-க்கு ஒரு கோடு போட்டு வைத்தது.

20 ஜூலை

மேலே கொடுத்தது 2022 விகிதம். அதன் பிறகு கட்டணம் மாறியிருப்பதால் உங்கள் பில்லோடு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். இதனால்தான் விகிதங்களை ஆப்புக்குள் பூட்டி வைக்கவில்லை. பில்லைப் பார்த்துக் குடும்பமே உள்ளிடுகிறது. அதைப் படிப்பதே பாதிப் பாடம்.

3 ஆகஸ்ட்

பிள்ளைகளின் கல்வி நிலையை வீடு வீடாகப் போய்க் கேட்டறியும் அசர் அமைப்பு 2023-இல் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் அன்றாடக் கணக்குகளைக் கேட்டது. ஸ்கேலில் பூஜ்யத்திலிருந்து வைத்த பொருளை ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சரியாக அளந்தார்கள். அதே பொருளைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் 39 சதவீதம்தான். இரவு இத்தனை மணிக்குத் தூங்கி, காலை இத்தனை மணிக்கு எழுந்தால் எத்தனை மணி நேரம் தூக்கம்? பாதிப் பேருக்கும் குறைவானவர்களே சரியாகச் சொன்னார்கள்.

எங்கள் தெருவில் தைக்கிற அக்காவின் இஞ்ச் டேப்பில் முனைத் தகடு பிய்ந்து முதல் இரண்டு அங்குலம் கிழிந்துவிட்டது. அவர் 2-லிருந்து பிடித்து, மனதிலேயே 2 கழித்து, பிளவுஸ் வெட்டுகிறார். ஒரு துணியும் கெட்டதில்லை. 39 சதவீதம் பேருக்கு மட்டும் வந்த கணக்கை அவர் நாள் முழுக்கப் போடுகிறார். ஆப்பில் அதை அப்படியே வைத்தோம்: "டேப்பை 2-லிருந்து பிடித்துக் கதவை அளந்து பாருங்கள்." திரையில் படம் வரைந்து காட்டவில்லை. போனைக் கீழே வைத்தால்தான் கதவை அளக்க முடியும்.

17 ஆகஸ்ட்

"நகைக் கடன், சீட்டு, வட்டி இதெல்லாம் ஏன் இல்லை? குடும்பக் கணக்கில் பெரிய கணக்கு அதுதானே?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். கோபம் நியாயம்தான்.

மூன்று வட்டிக்கு வாங்கினால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் ஆப் "உங்கள் வீட்டில்" என்று தொடங்குகிறது. உங்கள் வீட்டில் எவ்வளவு கடன் என்று ஒரு போன் பிள்ளையின் எதிரில் கேட்கலாமா? அந்தத் தொகையைப் பிள்ளைக்குத் தெரியாமல் வைக்க ஒரு அம்மா எத்தனை பாடுபட்டிருப்பார். நகையை அடகு வைத்ததைப் பாட்டிக்கே சொல்லாத வீடுகள் உண்டு.

இப்போதைக்கு முடிவு இது. வட்டிக் கேள்விகள் எல்லாம் கற்பனைத் தொகையில் வரும்: பத்தாயிரம் ரூபாய், மூன்று வட்டி, பத்து மாதம் வட்டி மட்டும் கட்டினால் எவ்வளவு போயிருக்கும், அசலில் எவ்வளவு குறைந்திருக்கும். (3,000 போயிருக்கும், அசலில் ஒரு ரூபாயும் குறைந்திருக்காது.) இதைத் திறப்பதா வேண்டாமா என்பது பெரியவர்கள் கையில். சொந்தத் தொகையைப் பேசுவதானால் அவர்கள் ஆப்பை மூடிவிட்டுப் பேசட்டும். அங்கே நமக்கு இடமில்லை.

18 ஆகஸ்ட்

இதோடு சேர்ந்தது: பதிவு செய்த குரல், பில் படம் எதுவும் போனை விட்டு வெளியே போகாது. 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் இப்படித்தான் செய்திருப்போம். ஒரு பாட்டியின் குரலை எடுத்து எங்கோ ஒரு சர்வரில் போட எனக்கு மனம் வராது.

20 டிசம்பர்

மார்கழி பிறந்துவிட்டது, கோலத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டீர்கள்.

15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி. மொத்தம் எத்தனை புள்ளி? பக்கத்து வீட்டு அக்கா எண்ணாமல் வைக்கிறார், ஒரு புள்ளி கூடக் குறைவதில்லை. நடு வரிசை 15, மேலே 14, 13 என்று 8 வரை, கீழேயும் அப்படியே. 8 முதல் 14 வரை கூட்டினால் 77. இரண்டு பக்கம் 154, நடுவில் 15, ஆக 169. இது 13 பெருக்கல் 13 என்று கண்டுபிடித்த ஒரு பையன், அப்படியானால் இதே புள்ளிகளை நேர்ப்புள்ளியாக வைத்தால் 13 வரிசைச் சதுரம் வருமே என்று சொல்லி, மறுநாள் காலை அக்காவை அதைப் போட வைத்தான். 7 புள்ளி 4 வரை கோலத்தில் 37 வரும், அது சதுரமாகாது. எந்த அளவுக்குச் சதுரம் ஆகும் என்று தேடிக்கொண்டிருக்கிறான். இதற்கு ஆப்பில் பக்கமே கிடையாது. அவனாகவே கோலத்தைப் படம் எடுத்து, அக்காவின் குரலோடு போட்டு வைத்திருந்தான்.

4 ஜனவரி 2026

"மதிப்பெண்ணும் பரிசும் இல்லாவிட்டால் பிள்ளை எதற்காக ஆப்பைத் திறக்கும்?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. குரலைக் கேட்கத்தான் திறக்கிறார்கள். தாத்தா வண்டிக்கூலி கணக்குச் சொன்னதை ஒரு பெண் தன் தோழிகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள், நடுவில் தாத்தா இருமுவது உட்பட.

அதனால் வரும் சிக்கல்தான் இப்போது எங்கள் முன்னால் இருக்கும் வேலை. எதுவும் போனை விட்டு வெளியே போகாது என்று வைத்தோம். போன் கெட்டுப்போனால், மாற்றினால், குரல்களும் போய்விடும். மெமரி கார்டில் எடுத்து வைக்கலாம், ஆனால் புதுப் போன்கள் பலவற்றில் கார்டு போட இடமே இல்லை. பக்கத்தில் வைத்த இரண்டு போன்களுக்கு இடையே நெட் இல்லாமல் நேரடியாக மாற்றுவதை முயன்றுகொண்டிருக்கிறோம். பழைய ஆண்ட்ராய்டில் இது சரியாக ஓடும்படி செய்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வழியில் செய்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.